பூஸ்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி: ஆன்லைன் விளம்பரமும் சட்டமும்

(ஒலி வடிவில் வந்த பேச்சின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சுருக்கிச் சீர்செய்திருக்கிறோம். பேச்சுவழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு சட்டம் சம்பந்தப்பட்டது. சட்டம்னதும் அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. அருப்புக்கோட்டையில சேலைக்கடை வச்சிருக்கீங்களா, திருச்சுழிப் பக்கம் கருப்பட்டி வாங்கி வெளியூருக்கு அனுப்புறீங்களா, பந்தல்குடி ரோட்டுல மனை போட்டு விக்கிறீங்களா, இல்ல சும்மா பொழுதுபோக்கா ஒரு இன்ஸ்டா பேஜ் நடத்துறீங்களா? கையில இருக்கிற போன்லேர்ந்து ஒரே ஒரு விளம்பரம் ஓட்டியிருந்தாலும் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் வக்கீல் இல்ல. நம்ம ஊர்ல கடைகளுக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் விளம்பரம் செஞ்சு கொடுக்கிற ஆளு. ஒரு தப்புப் பண்ணினதுக்கு அப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படிக்கவே ஆரம்பிச்சேன். அந்தத் தப்புலேர்ந்தே தொடங்குறேன்.

"அப்ப நான் யாரைக் கேக்கணும்?"

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனை வியாபாரி வந்தார். பேர் வேண்டாம். திருச்சுழி போற பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி நிலம். முன்னாடி சோளமும் பருத்தியும் விளைஞ்ச கரிசல். மழை ஏமாத்த ஏமாத்த, பிள்ளைங்க திருப்பூருக்கும் சென்னைக்கும் போகப் போக, நிலத்துல சீமைக்கருவேலம் ஏறிப்போச்சு. அந்தச் சம்சாரிகிட்ட வாங்கி, கருவேலத்தைப் பிடுங்கி, கல்லு நட்டு, கலர் கொடி கட்டிட்டாங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் கையில இருக்கு தம்பி, நீ விளம்பரத்தைப் போடு"ன்னார்.

நான் போட்டேன். "பஞ்சாயத்து அப்ரூவல் பெற்ற மனைகள். நான்கு வழிச்சாலைக்கு ஐந்தே நிமிடம். புதிய ரயில் பாதை வருகிறது. மூன்றே ஆண்டில் இரு மடங்கு." வரிகள் எல்லாம் என்னுடையதுதான். திருப்பூர், சென்னை, வளைகுடா நாடுகள்ல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க போன்ல போய் விழுற மாதிரி செட் பண்ணேன். விசாரிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும், அதாவது ஒரு லீடுக்கு, எனக்கு 150 ரூபா.

திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பாக்கிற ஒரு அக்கா. சொந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கத்துல. மூணு சென்ட், 3,60,000 ரூபா. நகையை அடகு வச்சு 1,40,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. மீதியைச் சேர்த்துக்கிட்டுக் கிரயம் பண்ண வந்தா, சார்பதிவாளர் ஆபீஸ்ல "இது அனுமதி இல்லாத மனை, பதிய முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வியாபாரி போன் எடுக்கலை. விளம்பரத்துல இருந்த வாட்ஸ்அப் நம்பர் என்னுடையது. எனக்குக் கூப்பிட்டாங்க.

"தம்பி, உங்க விளம்பரத்தைப் பாத்துத்தான் கட்டினேன்."

"நான் விளம்பரம் மட்டும்தான்க்கா போட்டேன்."

"அப்ப நான் யாரைக் கேக்கணும்?"

எனக்குப் பதில் தெரியலை. அன்னைக்கு ராத்திரிதான் முதல்முறையாச் சட்டத்தைத் திறந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதிலைத்தான் இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லப்போறேன்.

விளம்பரத்துக்கு யார் யார் பொறுப்பு

அடிப்படையான சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 24 ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும், திருத்தச் சொல்லவும், அபராதம் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. சட்டத்தில் விளம்பரம் என்பதற்கான விளக்கத்திலேயே இணையமும் இணையதளமும் இருக்கின்றன. "பேப்பர்லயா போட்டேன், பேஸ்புக்லதானே போட்டேன்" என்பதெல்லாம் செல்லாது.

அபராதம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை. திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் வந்து "நானும் வாங்கினேன், நீங்களும் வாங்குங்க" என்று பரிந்துரைக்கிறவருக்கும் இது பொருந்தும். அவரை ஒரு வருடம் வரை எந்த விளம்பரத்திலும் வரக்கூடாது என்று தடை செய்யலாம். மறுபடி மாட்டினால் மூன்று வருடம் வரை. இதற்கு மேல், பொய் விளம்பரம் நுகர்வோர் நலனுக்குக் கேடு விளைவித்தால் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை தரவும் அதே சட்டத்தில் 89 ஆவது பிரிவு இருக்கு.

சரி, என்னை மாதிரி விளம்பரம் செஞ்சு கொடுக்கிறவன்? 2022 ஜூன் 9 அன்று ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள்ல கடமைகள் பற்றி ஒரு தனிப் பகுதி இருக்கு. உற்பத்தியாளர், சேவை தருபவர், விளம்பரதாரர்னு வரிசையாச் சொல்லி, கடைசியில விளம்பர ஏஜென்சின்னும் எழுதியிருக்கு. விளம்பரத்துல சொல்ற ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் இருக்கணும், ஆணையம் கேட்டா காட்டணும். அதைப் படிச்சப்ப, "நான் விளம்பரம் மட்டும்தான்க்கா போட்டேன்"னு சொன்ன வாயை மூடிக்கிட்டேன்.

இன்னொரு விஷயம். இந்தச் சட்டப்படி நுகர்வோர் தான் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்க அருப்புக்கோட்டையில உக்காந்துக்கிட்டு கோயம்புத்தூர் ஆளுக்கு விளம்பரம் ஓட்டினா, கோயம்புத்தூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டி வரும். விளம்பரம் எவ்வளவு தூரம் போகுதோ, வழக்கும் அவ்வளவு தூரத்துலேர்ந்து வரும்.

மனை விளம்பரம்: பன்னிரண்டு சென்ட் கணக்கு

நம்ம பகுதியில அதிகமா ஓடுற விளம்பரம் மனை விளம்பரம்தான். அதனால இதைக் கொஞ்சம் நின்னு பாப்போம்.

2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம ரெரான்னு சொல்றது, மூன்றாவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. பதிவு செய்யாத திட்டத்தை விற்கக் கூடாது, முன்பதிவு வாங்கக் கூடாது, விளம்பரமே செய்யக் கூடாது. மனைப்பிரிவும் இதில் அடக்கம். விலக்கு, 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்கு. நம்ம கணக்குல அது பன்னிரண்டரை சென்ட் கூட வராது. நான் விளம்பரம் போட்டதோ நாலு ஏக்கர், 400 சென்ட். பதிவு எண் இல்லாம ஒரு வரி கூட போட்டிருக்கக் கூடாது. மீறினா, திட்டத்தோட மதிப்பீட்டுச் செலவுல 10 சதவீதம் வரை அபராதம்.

பதிவு செஞ்ச திட்டத்துக்கு விளம்பரம் போட்டாலும், ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் விளம்பரத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும். ரீல்ஸ்ல கடைசி அரை செகண்டுல எறும்பு எழுத்துல ஓட விட்டா அது எடுப்பா தெரியறது ஆகாது.

பன்னிரண்டாவது பிரிவுதான் அந்த அக்காவுக்கான பிரிவு. விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பி ஒருவர் பணம் கட்டி நஷ்டப்பட்டால், புரமோட்டர் ஈடுகட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் விலகினால், கட்டிய முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பதிமூன்றாவது பிரிவு இன்னொன்று சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 3,60,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் 36,000. அவங்ககிட்ட வாங்கினது 1,40,000. எவ்வளவு கூடுதல்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப என் விஷயம். அந்தச் சட்டத்தில் முகவர் என்ற சொல்லுக்கு உள்ள விளக்கம் ரொம்ப அகலமானது. எந்த ஊடகத்தின் வழியாக இருந்தாலும், வாங்க வருகிறவரையும் விற்கிறவரையும் பேரத்துக்காக அறிமுகம் செய்து வைத்து, அதற்குக் கட்டணமோ கமிஷனோ வாங்குகிறவர் முகவர். முகவர் என்றால் அவரும் பதிவு செய்திருக்க வேண்டும். லீடுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு, "நான் டிஜிட்டல் மார்க்கெட்டிங் மட்டும்தான்"னு சொல்றது எவ்வளவு தூரம் எடுபடும்? இந்த வேலை செய்யுற தம்பிமார் நம்ம ஏரியாவுல நிறைய பேர் இருக்கீங்க. யோசிச்சுக்கோங்க.

"பஞ்சாயத்து அப்ரூவல்"னு ஒரு வார்த்தை இன்னமும் ஓடுது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையோட அனுமதி வேணும். பஞ்சாயத்துத் தலைவர் போடுற கையெழுத்து அதுக்கு ஈடாகாது. 2016 செப்டம்பர் 9 அன்று, அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்கப் பத்திரப்பதிவே படுத்துப் போச்சு. அப்புறம் 2017ல வரன்முறைப்படுத்துற விதிகள் வந்துச்சு. ஆனா அது 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட பழைய மனைகளுக்கு. நேத்து கருவேலத்தைப் பிடுங்கிப் போட்ட மனைக்கு இல்ல.

ரயில் பாதை, நாலு வழிச்சாலை விஷயமும் இப்படித்தான். மதுரை–தூத்துக்குடி சாலை நம்ம ஊர் வழியாப் போகுது, உண்மை. மதுரையிலேர்ந்து அருப்புக்கோட்டை வழியாத் தூத்துக்குடிக்குப் புது ரயில் பாதைத் திட்டம் இருக்கு, அதுவும் உண்மை. ஆனா "மனைக்குப் பக்கத்துல ஸ்டேஷன் வருது"ன்னு எழுதினா, எந்த அரசாணை, எந்த வரைபடம்னு காட்ட முடியணும். "மூணு வருஷத்துல இரு மடங்கு"ங்கிறதுக்கு யாராலும் ஆதாரம் காட்ட முடியாது. அதை எழுதாம இருக்கிறதுதான் ஒரே வழி.

எண்ணைப் போட்டா கணக்குக் காட்டணும்

இது நம்ம மாதிரிச் சின்ன ஆளுங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பெரிய இடத்துக் கதை ரெண்டு சொல்றேன்.

2024 செப்டம்பரில், சென்னையில் இயங்கும் சங்கர் ஐஏஎஸ் அகாடமிக்கு ஆணையம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஆம் ஆண்டு குடிமைப்பணித் தேர்வில் தேர்வான 933 பேரில் 336 பேர் தங்களிடம் படித்தவர்கள் என்பது விளம்பரம். விசாரித்தால், அதில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தது இலவச நேர்காணல் பயிற்சி மட்டும். அதை விளம்பரத்தில் சொல்லவில்லை. எண் வானத்திலிருந்து வந்ததில்லை, ஆனால் படிப்பவர் மனதில் பதிகிற படம் வேறு. முக்கியமான விஷயத்தை மறைப்பதும் தவறாக வழிநடத்துவதுதான் என்கிறது சட்டம். நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், நீட் சென்டர், டிஎன்பிஎஸ்சி சென்டர் நடத்துற எல்லாரும் இதைச் சுவத்துல எழுதி ஒட்டணும். மாணவர் போட்டோவைப் போட்டா, அந்தப் பிள்ளை எந்த கோர்ஸ் படிச்சதுன்னும் போடணும். 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்குன்னே தனி நெறிமுறை வந்தாச்சு. தேர்வில் ஜெயித்த பிறகு எழுத்துப்பூர்வமா அவர் சம்மதம் வாங்காம போட்டோவைப் பயன்படுத்தக் கூடாது.

ரெண்டாவது, ராபிடோ. "ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்" என்று விளம்பரம். 2025 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதம். ஏன்? அந்த 50 ரூபாய், ரூபாயே இல்லை. ராபிடோ காயின். அதையும் ஏழு நாளுக்குள், பைக் சவாரிக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். வாக்குறுதி பெரிய எழுத்தில், நிபந்தனை படிக்க முடியாத எழுத்தில். 2022 நெறிமுறைப்படி, நிபந்தனையை வாக்குறுதி இருக்கிற அதே மொழியில், அதே எழுத்துருவில் போட வேண்டும். நம்ம ஆட்கள் தமிழ்ல "முற்றிலும் இலவசம்"னு போட்டுட்டு, கீழ இங்கிலீஷ்ல பொடிசா நிபந்தனை போடுறோமே, அதுவே மீறல்தான்.

பட்டாசு: நம்ம மாவட்டத்துக்கே உரியது

விருதுநகர் மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு பட்டாசு பத்திப் பேசாம விளம்பரம் பத்திப் பேச முடியாது. ஆடி பொறந்ததும் ஆரம்பிச்சிடும். "சிவகாசி விலையில் நேரடி விற்பனை, 80 சதவீதம் தள்ளுபடி, வீட்டுக்கே டெலிவரி."

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. "ஆர்டர்"ங்கிற வார்த்தைக்குப் பதிலா "எஸ்டிமேட்"னு பட்டன் வச்சுட்டா தப்பிச்சிடலாம்னு ஒரு நினைப்பு நம்ம ஆட்கள்கிட்ட இருக்கு. பணமும் ஆன்லைன்ல வாங்கி, பார்சலும் அனுப்புனா, பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு எந்த நீதிபதி பாப்பார்? அதோட பட்டாசு வெடிபொருள். 2008 ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இருக்கிற இடத்துல வச்சுத்தான் விக்கணும். துணிமணி மாதிரி கூரியர்ல போடுற சரக்கு இல்ல அது.

80 சதவீதத் தள்ளுபடி எப்படி வருதுன்னு நமக்குத் தெரியும். ஒருத்தரும் என்னைக்கும் வாங்காத விலையைப் பெட்டியில அச்சடிச்சு, அதுலேர்ந்து கழிக்கிறது. வாங்குறவங்களுக்கு உண்மையில மிச்சமாகாத தள்ளுபடியைப் பெருசாக் காட்டுறது தவறாக வழிநடத்துறதுதான்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா, நியாயமா உரிமம் வாங்கிக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சிதான் அடி வாங்குறார். சிவகாசி பேரைப் போட்டுப் போலி இணையதளம் நடத்தி, பணத்தை வாங்கிட்டு ஓடுற கும்பல் இருக்கு. தமிழ்நாடு காவல்துறையோட சைபர் குற்றப்பிரிவு இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு. ஏமாந்தவங்க உடனே 1930க்கு அடிக்கணும். கடைக்காரங்களுக்கு நான் சொல்றது: கடை எங்க இருக்கு, உரிம எண் என்ன, நேரம் என்னன்னு விளம்பரம் போடுங்க. ஆளை கடைக்கு வரவைங்க. அதுல ஒரு தப்பும் இல்ல.

கருப்பட்டி, லேகியம், கைத்தறி

கருப்பட்டி விக்கிற ஒரு தம்பி ரீல்ஸ் போடச் சொன்னான். "சுகர் பேஷண்டும் தாராளமாச் சாப்பிடலாம்னு போடுங்கண்ணே." நான் மாட்டேன்னுட்டேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53, உணவு பத்தின தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபா வரை அபராதம். சட்டத்தை விடுங்க. அதை நம்பி ஒரு பெரியவர் தினம் ரெண்டு துண்டு சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?

மருந்து இன்னும் கடுமை. 1954லயே ஒரு சட்டம் இருக்கு. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். அதோட அட்டவணையில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உடல் பருமன், சிறுநீரகக் கல், உயரம் கூட்டுவது எல்லாம் வரும். இதையெல்லாம் குணப்படுத்துவேன்னு விளம்பரமே செய்யக் கூடாது. மருந்து நல்லதா கெட்டதாங்கிற பேச்சே இல்ல. அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் "எந்தப் பங்கும்" எடுக்கக் கூடாதுங்கிறது சட்டம். எடிட் பண்றவன், குரல் கொடுக்கிறவன் எல்லாம் அதுல வந்துருவான். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. இன்னொரு வேடிக்கை: ஒளி, ஒலி, புகை வழியாச் செய்யுற அறிவிப்பும் விளம்பரம்னு 1954லயே எழுதி வச்சிருக்காங்க. ரீல்ஸ் வேற என்ன? ஒளியும் ஒலியும்தானே.

சேலைக்கு வருவோம். அருப்புக்கோட்டை நெசவு ஊர். விசைத்தறியில நெய்ததைக் "கைத்தறி"ன்னு போட்டு விக்கிறது பொருளைப் பத்திப் பொய்யான விவரம் கொடுக்கிறது. கைத்தறிக்கு 2006லேர்ந்தே கைத்தறி முத்திரை இருக்கு. முத்திரை இருந்தா அதைக் காட்டுங்க. இல்லாட்டி விசைத்தறின்னே சொல்லி விலை போடுங்க. ஒரு சேலைக்கு நாள்கணக்கா காலால மிதிச்சு நெய்யுற ஆளோட கூலியை, ஒரு வார்த்தையால திருடுறோம். அது புரிஞ்சா போதும்.

ரீல்ஸ் போடுற தம்பி தங்கச்சிமாருக்கு

இருபதாயிரம் ஃபாலோயர்ஸ் இருக்கிற பேஜ் நம்ம தாலுகாவுலயே நிறைய இருக்கு. ஹோட்டல்காரர் ஓசியில பிரியாணி போட்டாலும் அது கைம்மாறுதான். காசு வாங்கினாத்தான் விளம்பரம்னு இல்ல. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விளக்கத்தின்படி, விளம்பரம், ஸ்பான்சர், பெய்டு புரமோஷன் என்று ஏதாவது ஒரு தெளிவான சொல்லால் அதைச் சொல்லிவிட வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், குரலிலும் வர வேண்டும். நேரலை என்றால் தொடர்ந்து திரையில் இருக்க வேண்டும். முப்பது ஹேஷ்டேக் நடுவுல ஒளிச்சு வைக்கிறது செல்லாது. 2024 மே 7 அன்று பதஞ்சலி விளம்பர வழக்கில், விளம்பரத்தில் தோன்றுகிறவர்களுக்கும் சம பொறுப்பு உண்டுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

சூதாட்ட ஆப் விளம்பரம் பக்கமே போகாதீங்க. 2025 ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில், பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தாலே இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

சினிமாப் பாட்டு, நடிகர் படம், இதையும் சொல்லிடுறேன். கடைத் திறப்பு விழாவுக்கு ரஜினி படத்தைப் போட்டு பூஸ்ட் பண்றோம். 2023 ஜனவரியில், தன் பெயர், படம், குரலை அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நடவடிக்கை என்று ரஜினிகாந்த் தரப்பில் பொது அறிவிப்பே கொடுத்தாங்க. பாட்டுக்கும் உரிமையாளர் இருக்கார். வீட்டுக் கல்யாண வீடியோ வேற, கடை விளம்பரம் வேற.

போன் நம்பரும் ஒரு சொத்துதான்

அந்த மனை விளம்பரத்துல எனக்கு வந்த நம்பர் லிஸ்ட்டை, பின்னாடி ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர் கேட்டார். கொடுக்கலை. ஆனா அப்ப கொடுத்திருந்தா தப்புன்னு எனக்குத் தோணியிருக்காது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதுக்காக வாங்குறோம்னு சொல்லி, சம்மதம் வாங்கி, அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். இப்பவே அந்தப் பழக்கத்துக்கு வந்துடுங்க.

இப்ப நான் என்ன செய்யுறேன்

அஞ்சு விஷயம். முதலாவது, விளம்பரத்துல வர ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு காகிதம் கேக்கிறேன். மனைன்னா நகர் ஊரமைப்பு அனுமதி, ரெரா பதிவு எண். எண்ணை வாங்கினதோட விடாம, நானே ஆணையத்தோட இணையதளத்துல போட்டுப் பாக்கிறேன். ரெண்டாவது, என்ன ஓட்டினோம், எந்தத் தேதியில, யார் சம்மதிச்சாங்கன்னு கோப்பு வச்சுக்கிறேன். மூணாவது, வாட்ஸ்அப்ல "ஓகே" வாங்கறதோட நிக்காம, "இந்தத் தகவல்கள் உண்மை"ன்னு ஒரு கையெழுத்து வாங்குறேன். அது என்னை முழுசாக் காப்பாத்தாது. ஆனா கையெழுத்துப் போடுறவர் பேனாவை எடுத்ததும் ஒரு தடவை யோசிப்பார். நாலாவது, லீடுக்கு இவ்வளவுன்னு மனைக்கு வாங்குறதை நிறுத்திட்டேன். அஞ்சாவது, தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே விளம்பரத்தை நிறுத்தி, திருத்தம் போடுறேன்.

இதனால வாடிக்கையாளர் போனாங்களான்னு கேட்டா, போனாங்க. நாலஞ்சு பேர் வேற ஆளைப் பாத்துக்கிட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா காகிதத்தோட வர வியாபாரிங்களும் இருக்காங்க. அவங்க போகமாட்டாங்க.

விளம்பரத்தைப் பாக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தேகம் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. விளம்பரம் நாளைக்கு அழிஞ்சு போகும். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனைன்னா தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்.

அந்த அக்கா விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், என்கிட்ட இருந்த பில், வியாபாரி எனக்கு அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் அவங்ககிட்டக் கொடுத்தேன். புகார் எழுதவும் கூட உக்காந்தேன். புகார் போகுதுன்னு தெரிஞ்சதும் வியாபாரி போன் எடுத்தார். தவணை தவணையா ஒரு லட்சம் வந்துச்சு. மீதி 40,000 இன்னும் வரலை. நகையில ஒரு பகுதியைத்தான் மீட்க முடிஞ்சது. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப பஸ் ஸ்டாண்டுல பாத்தோம். "என்ன தம்பி, இன்னும் விளம்பரம் போடுறீங்களா"ன்னு கேட்டாங்க. "போடுறேன்க்கா, பாத்துப் போடுறேன்"னேன்.

அவ்வளவுதான். உங்க தொழிலுக்குன்னு குறிப்பா சந்தேகம் இருந்தா, பக்கத்துல இருக்கிற ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்க. ஒரு தடவை பூஸ்ட் பண்ற காசுதான் ஆகும். அடுத்த எபிசோடுல பாப்போம்.